ஏழு பெண்களும் இரண்டு இசைத்தட்டும்

'பாடிஸ்நாட்சர்ஸ்' என்று ஒரு பெண்கள் கோஷ்டி இருந்தது. தமிழில் சொன்னால் 'பிணம் திருடிகள்'. உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வைத்தியக் கல்லூரி மாணவர்களுக்கு அறுத்துப் பார்த்துப் படிக்கப் போதுமான பிணம் கிடைக்காது. ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லறையைத் தோண்டி, உடலை எடுத்துக் கல்லூரிகளுக்கு விற்றுக் காசு பார்த்தது ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குத்தான் இந்தப் பேர். 1832ல் சட்டம் போட்டு அந்த வியாபாரத்தை ஒழித்தார்கள். 1979ல் லண்டனில் ஏழு இளம் பெண்கள் அதே பேரைத் தங்கள் வாத்திய கோஷ்டிக்குச் சூட்டிக் கொண்டார்கள். வானம்பாடி, வசந்தம் என்று ஏதாவது அழகாக வைத்துக் கொள்ளக் கூடாதோ என்று கேட்பீர்கள். 'பெண்கள் கோஷ்டி' என்றாலே எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தானே!

கோஷ்டி ஒரு வருஷம்தான் நிலைத்தது. போட்டது இரண்டே சின்ன இசைத்தட்டு. முழு நீள ஆல்பம் ஒன்று கூட வெளிவரவில்லை. கலைந்து போனார்கள். அத்தோடு மறந்திருக்க வேண்டும், இல்லையா? மறக்கவில்லை. 35 வருஷம் கழித்து, அன்று முன்வரிசையில் நின்று ஆடிய பிள்ளைகள் தலை நரைத்த பிறகு, கையிலிருந்து முன்பணம் கட்டி அந்தப் பாட்டுகளை ஆல்பமாக்கினார்கள். ரசிகர்கள் காசு போட்டு உயிர் கொடுத்த ஆல்பம்!

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கஷாயமும் கைக்குழந்தையும்தான் இருக்கும். இந்த ஒரு முறை பாட்டுக்கு இடம் கொடுங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் அவர்கள் வாசித்த 'ஸ்கா' இசை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இது பிறந்தது ஜமைக்காத் தீவில், 1950களின் கடைசியில். பக்கத்து அமெரிக்காவின் ரேடியோ நிலையங்களிலிருந்து காற்றில் மிதந்து வந்த பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கைவண்ணத்தில் திருப்பிப் போட்டது. புத்தகத்தில் படித்தால் புரியாது, கையால் தட்டினால் நொடியில் புரியும். மேஜையிலோ தொடையிலோ தட்டி எண்ணுங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்போது ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு 'ம்' சேருங்கள். ஒண்ணு-ம், ரெண்டு-ம், மூணு-ம், நாலு-ம். கை விழுவது எண்ணில். ஆனால் கிதாரும் பியானோவும் 'சக், சக்' என்று வெட்டி விழுவது அந்த 'ம்'மில்! நம் கீர்த்தனைகளில் அரை இடம் தள்ளி எடுப்பு வரும்போது மனசில் ஒரு சின்னத் தவிப்பு வருமே, அந்தத் தவிப்புதான் இதில் பாட்டு முழுக்க. எதிர்பார்த்த இடத்தில் விழாமல் அடுத்த மூச்சில் விழுவதால், சும்மா உட்கார்ந்திருக்கிறவர் முழங்கால் கூடத் தானாகத் தூக்கிப் போடும். (மூட்டு வலிக்காரர்கள் உட்கார்ந்தபடியே ஆடலாம். பிரசவமாகிச் சில வாரமே ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொண்டு குதிக்கட்டும்.)

1962 ஆகஸ்ட் 6ல் ஜமைக்கா சுதந்திரம் அடைந்த போது ஊர் முழுக்க இந்த இசைதான். அதை வாசித்தவர்களில் கொடி கட்டிப் பறந்தது 1964ல் சேர்ந்த 'ஸ்கடலைட்ஸ்' கோஷ்டி. டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர் என்று அதன் பெரிய தலைகளில் பலர் கிங்ஸ்டன் நகரின் 'ஆல்ஃபா' பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகள். அந்தப் பள்ளியை நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள். அவர்களில் சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸ் என்று ஒரு அம்மாள். 2003ல் இறக்கும் வரை 60 வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். பிள்ளைகள் கேட்டுப் பழக என்று இசைத்தட்டுகளாகச் சேர்த்து வைத்து, தானே போட்டுக் காட்டுவாராம். ஸ்காவின் சரித்திரத்தில் ஆண்களின் பேராகவே வரும். அந்த ஆண்களுக்குக் காது திறந்துவிட்டதில் வெள்ளை அங்கி அணிந்த ஒரு பெண்மணிக்குப் பெரும் பங்கு உண்டு.

பெண்கள் பாடவும் செய்தார்கள். 1964ல் மில்லி ஸ்மால் பாடிய 'மை பாய் லாலிபாப்' இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் வரை போயிற்று. ஆனால் கவனியுங்கள், பெண் பாடுவாள். பின்னால் கிதார், டிரம், சாக்ஸபோன் எல்லாம் ஆண்கள். அது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் நம் ஏழு பேரும் உடைத்தார்கள்.

ஜமைக்கா இசை லண்டனுக்கு எப்படி வந்தது? ஆட்களோடு வந்தது. யுத்தம் முடிந்து இங்கிலாந்தில் வேலைக்கு ஆள் இல்லை. 1948 ஜூன் மாதம் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டு வந்து இறக்கியது. பின்னால் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆண்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஆலையிலும், பெண்கள் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாகவும். பெட்டிக்குள் துணிமணியோடு பாட்டும் வந்தது. அவர்கள் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே இசைத்தட்டுக்கு ஆடி வளர்ந்தார்கள். 1970களில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும், 'கறுப்பரை வெளியேற்று' என்று கத்தும் கட்சிகளும் தெருவுக்கு வந்தன. அந்தச் சமயத்தில்தான், 1979ல், கோவென்ட்ரி என்ற கார் தொழிற்சாலை ஊரில் ஜெர்ரி டாம்மர்ஸ் என்ற இளைஞர் 'டூ டோன்' என்று ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். கறுப்பும் வெள்ளையும் சதுரம் சதுரமாகக் கோலம் போட்டது போல அதன் சின்னம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் பழைய ஸ்காவைப் புது வேகத்தில் வாசிப்பது, அதுவே பதில். அவருடைய 'ஸ்பெஷல்ஸ்', 'மேட்னஸ்', 'செலக்டர்' மூன்றும் அந்த நவம்பரில் ஒரே வாரத்தில் டெலிவிஷனின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் வந்தன என்றால் அலை எப்படி அடித்தது என்று பார்த்துக் கொள்ளுங்கள். இவ்வளவு கூட்டத்தில் பெண் முகம் செலக்டரின் பாடகி பாலின் பிளாக் ஒருவர்தான்.

லண்டனில் நிக்கி சம்மர்ஸ் என்ற பெண் இதையெல்லாம் பார்த்துக் கொண்டிருந்தார். கையில் பேஸ் கிதார். கூட வாசிக்கப் பெண்கள் வேண்டும் என்று இசைப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கிதாருக்கு ஸ்டெல்லா பார்க்கர், சாரா ஜேன் ஓவன். ஆர்கனுக்குப் பென்னி லேட்டன். சாக்ஸபோனுக்கு மிராண்டா ஜாய்ஸ். டிரம்முக்கு ஜேன் சம்மர்ஸ், பிறகு அவர் இடத்தில் ஜூடி பார்சன்ஸ். பாட ரோடா டகார். ரோடாவின் தலையலங்காரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. தேன்கூடு மாதிரி உச்சியில் உயர்த்திக் கட்டிய கொண்டை, நம் 1960களின் சினிமா நாயகிகள் வைத்துக் கொள்வார்களே, அந்த மாதிரி. உடைகளும் 1960கள் பாணியில். அந்த நாளில் இந்த இசைக்குப் பித்தான இங்கிலாந்துப் பெண்கள் செய்ததும் அதேதான். பழந்துணிக் கடையில் சல்லிசாக வாங்கி, மடித்துத் தைத்து, கறுப்பு வெள்ளைப் பட்டி வைத்துக் கொள்வது. புதுசு வாங்க எவளிடம் பணம் இருந்தது!

இதில் பலருக்கு வாத்தியம் புதுசு. கச்சேரி பண்ணிக் கொண்டேதான் கற்றுக் கொண்டார்கள். 1979 நவம்பரில் லண்டன் ஹாரோ சாலையில் 'விண்ட்சர் காசில்' என்ற மதுக்கடையில் முதல் கச்சேரி. சில மாதம் கூட ஆகவில்லை, டூ டோன் இவர்களை எடுத்துக் கொண்டது. 1980 மார்ச்சில் முதல் இசைத்தட்டு, 'லெட்ஸ் டூ ராக் ஸ்டெடி'. பழைய ஜமைக்கா பாணிப் பாட்டைத் திருப்பிப் பாடியது. 22ஆம் இடம். டெலிவிஷனிலும் வந்தார்கள். செலக்டரோடும் ஸ்பெஷல்ஸோடும் ஊர் ஊராகப் போனார்கள்.

"சரியாக வாசிக்கத் தெரியாதவர்கள்" என்று விமரிசகர்கள் எழுதினார்கள். இது முழுப் பொய் இல்லை. இசைத்தட்டைக் கேட்டால் அங்கங்கே ஒரு தயக்கம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அதே வருஷங்களில் மூன்றே கம்பி மீட்டத் தெரிந்த பையன்கள் எத்தனை பேர் கோஷ்டி கட்டிக் கொண்டு ஆடினார்கள்! அவர்களைப் பத்திரிகைகள் 'துடிப்பு' என்றன. பெண் செய்தால் 'கற்றுக்குட்டி'. முதல் தோசை பிய்ந்தால் பையனுக்கு 'பாவம், முயற்சி பண்ணினானே', பெண்ணுக்கு 'இது கூட வரலையா'. அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் ஒன்றுதான் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கச்சேரிகள் சௌகரியமான இடங்கள் அல்ல. டூ டோன் கச்சேரிகளில் மொட்டைத் தலை இனவெறிக் கும்பல் நுழைந்து அடிதடி பண்ணுவது சாதாரணமாக நடந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்க ஸ்பெஷல்ஸ் ஆண்களுக்கே நெஞ்சுரம் வேண்டியிருந்தது. அங்கே ஏழு பெண்கள் நின்று, கறுப்புப் பெண் ஒருத்தி பாட, வாசித்தார்கள்.

1980 ஜூலையில் இரண்டாவது இசைத்தட்டு, 'ஈஸி லைஃப்'. சொந்தப் பாட்டு. 50ஆம் இடத்தோடு நின்று விட்டது. ஆனால் எனக்கு இதுதான் பிடிக்கும், இதோடுதான் எனக்குச் சண்டையும். பெண்ணுக்குச் சம உரிமைச் சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் வீட்டோடு இருந்துவிடு, அது சுலபம் என்று ஊர் சொல்கிறது. அந்தச் சுலபமான வழிக்கு நான் மயங்கிவிடலாமா என்று ஒரு பெண் தன்னையே கேட்டுக் கொள்வது பாட்டின் சாரம். சட்டம் வந்தது நிஜம். சம சம்பளச் சட்டம் 1970ல் நிறைவேறி 1975 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது. பெண் என்பதற்காக வேலையிலோ கடனிலோ பாரபட்சம் கூடாது என்ற சட்டமும் 1975ல்தான். அதற்கு முன்னால் லண்டன் மாநகரிலேயே, கை நிறையச் சம்பாதிக்கிற பெண் கடன் கேட்டாலும் அப்பாவையோ புருஷனையோ கையெழுத்துப் போட அழைத்து வரச் சொல்வார்கள். 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரதமராகவே வந்துவிட்டார். ஆனாலும் பாடுகிற பெண்ணுக்கு எந்தக் கதவும் முழுசாகத் திறக்கவில்லை. அந்த எரிச்சல் பாட்டில் இருக்கிறது.

இந்தக் கருத்தை என் சிநேகிதி ஒருத்தியிடம் சொன்னேன். மூன்று குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார். "ஈஸி லைஃபா? அந்தப் பொண்ணை ஒரு நாள் எங்க வீட்டுக்கு வரச் சொல்லு" என்றாள். சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தேன். வீட்டு வேலை சுலபம் என்று அந்தப் பெண்கள் நினைத்திருக்க மாட்டார்கள். எத்தனை அம்மாக்களைப் பார்த்திருப்பார்கள்! வேறு வழி தேடாமல், யாரோ போட்ட பாதையில் நடந்து விடுவதுதான் அவர்களுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது. அப்படியானால் ஒத்துக் கொள்ளலாம். இருபது வயசுக்காரி எழுதிய பாட்டில் பாதி நியாயம் இருந்தாலே பெரிசு. மீதி நியாயத்தை நாற்பதில் அவளே எழுதிக் கொள்வாள். ஆனாலும் அந்தத் தலைப்பு என்னை இன்னும் கொஞ்சம் குத்துகிறது, என்ன செய்ய!

இனி 'தி பாய்லர்'. இதைப் பற்றி எழுதத்தான் இத்தனை சுற்று.

கோஷ்டி சேர்ந்து முதல் முதலில் உருவாக்கிய பாட்டுகளில் இது ஒன்று. 'பாய்லர்' என்றால் நமக்கு வெந்நீர் அண்டா. இங்கிலாந்துக் கொச்சையில் அது முற்றிய கோழி. வறுக்க, பொரிக்க லாயக்கில்லை, வேகவைத்து ரசம் எடுக்கத்தான் ஆகும் என்று சமையற்காரர்கள் ஒதுக்குவது. அழகில்லாத, வயசான பெண்ணை அங்கே ஆண்கள் கேலியாகச் சொல்லும் வார்த்தை. இந்தக் கதையின் பெண் தன்னைத் தானே அப்படித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறாள். கடையில் துணி பார்க்கிறபோது ஒருவன் வந்து பேச்சுக் கொடுக்கிறான், அவளுக்காகப் பணமும் கொடுக்கிறான். தன்னையும் ஒருத்தன் பார்த்தானே என்று அவளுக்குச் சந்தோஷம். சனிக்கிழமை ஆடக் கூட்டிப் போகிறான். திரும்பும்போது தன் வீட்டுக்கு வா என்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். செலவழித்த காசுக்குக் கணக்குக் கேட்கிறான். கடைசியில் பலாத்காரம். ரோடா இதைப் பாடவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் கதை சொல்வது போலப் பேசிக் கொண்டே போகிறார். பின்னால் தாளம் பாட்டுக்கு ஓடுகிறது. தாளம் ஆடச் சொல்லும், கதை காலைக் கட்டிவிடும். முடிவில் வார்த்தை இல்லை, அலறல்தான்.

முன்பெல்லாம் பத்திரிகைகளில் இதற்குக் 'கற்பழிப்பு' என்று எழுதுவார்கள். அழிந்தது அவளுடைய ஏதோ என்று அந்தச் சொல் சொல்லிவிடும். செய்தவனைப் பற்றி அதில் ஒரு எழுத்துக் கூட இல்லை. 'பாய்லர்' அந்தத் தவறைச் செய்யவில்லை. அவன் எப்படிப் பேசினான், எப்படிச் சிரித்தான், எப்படிப் படிப்படியாக வந்தான் என்று முழுக்க அவனைத்தான் காட்டுகிறது. இருட்டுச் சந்தில் பாய்கிற முகமூடிக்காரன் இல்லை. அறிமுகமானவன். நல்லவன் போல வந்தவன்.

இந்தப் பாட்டு கோஷ்டி இருந்த வரைக்கும் இசைத்தட்டாக வரவில்லை. 1980 முடிவதற்குள் கோஷ்டியும் கலைந்தது. இசையிலும் அரசியலிலும் கருத்து வேறுபாடு. ஐந்து பேர் ஒரு பக்கம் போனார்கள். ரோடாவும் நிக்கியும் மறு பக்கம்.

ரோடா 'ஸ்பெஷல் ஏ.கே.ஏ.' என்று புதுப் பேரில் இயங்கிய டாம்மர்ஸ் குழுவோடு சேர்ந்து 1982 ஜனவரியில் 'பாய்லரை' வெளியிட்டார். ரேடியோக்காரர்கள் தொடப் பயந்தார்கள். நிகழ்ச்சிக்கு நடுவே யாரும் எதிர்பாராமல் ஒரு பெண்ணின் அலறல் என்றால் எந்த அறிவிப்பாளர் போடுவார்? அப்படியும் ஜனங்கள் வாங்கி 35ஆம் இடத்துக்குக் கொண்டு போனார்கள்.

அதே ஜனவரியில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னால் இந்தப் பாட்டு ஏன் தேவைப்பட்டது என்று தெரியும். ராத்திரியில் வழிப்போக்குக் காரில் ஏறிய ஒரு சின்னப் பெண்ணைப் பலாத்காரம் செய்தவனுக்கு ஒரு நீதிபதி ஜெயில் தண்டனை கொடுக்கவில்லை. 2000 பவுன் அபராதம் மட்டும் போட்டார். நடந்ததில் அந்தப் பெண்ணின் அஜாக்கிரதைக்கும் பங்கு உண்டு என்று சொன்னார். அதே மாதம் பி.பி.சி. ஒரு போலீஸ் நிலையத்தில் எடுத்த படத்தை ஒளிபரப்பியது. பலாத்காரப் புகார் கொடுக்க வந்த பெண்ணை ஆண் அதிகாரிகள் சுற்றி உட்கார்ந்து மிரட்டி, பொய் சொல்கிறாய் என்று விரட்டுவதை நாடே பார்த்தது. கொதித்தது. அதன் பிறகுதான் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் முறையைப் போலீஸ் மாற்ற ஆரம்பித்தது. புருஷன் மனைவியைப் பலாத்காரம் செய்தாலும் குற்றமே என்று அந்த நாட்டின் உச்ச மன்றம் சொல்ல 1991 ஆயிற்று.

வயசுக்கு வந்த பெண் உள்ள அம்மாக்கள் இந்தப் பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணை அவன் பிடித்தது கடையில் இல்லை. 'நான் ஒரு பாய்லர்' என்று அவள் நம்பிய அன்றைக்கே பாதி பிடிபட்டு விட்டாள். யார் சொல்லி நம்பினாள்? கறுப்பு, குண்டு, பல் எடுப்பு, உன்னை எவன் கட்டுவான் என்று விளையாட்டாகச் சொல்கிறோமே வீட்டில், அதை வெளியில் எவனோ வந்து அறுவடை பண்ணுகிறான். குற்றம் அவனுடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாமே.

பிரிந்து போன ஐவரும் வேறு இருவரைச் சேர்த்துக் கொண்டு 'பெல் ஸ்டார்ஸ்' ஆனார்கள். 1983ல் 'சைன் ஆஃப் தி டைம்ஸ்' மூன்றாம் இடம். பிறகு அதுவும் கலைந்தது. வேடிக்கையைப் பாருங்கள், இவர்கள் 1982ல் பாடிய 'ஐகோ ஐகோ'வை 1988ல் 'ரெயின் மேன்' சினிமாவில் போட்டார்கள். 1989ல் அமெரிக்காவில் 14ஆம் இடத்துக்கு ஏறியது, பாடிய கோஷ்டியே இல்லாத போது! ரோடா ஸ்பெஷல் ஏ.கே.ஏ.யோடு 1984ல் 'நெல்சன் மண்டேலா' பாட்டிலும் பாடினார். மண்டேலா வெளியே வர இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

பாடிஸ்நாட்சர்ஸ் மட்டும் காணாமல் போனது. டூ டோன் கதையை எழுதினவர்கள் பெரும்பாலும் ஸ்பெஷல்ஸ், மேட்னஸ் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கினார்கள். ஞாபகத்தை வைத்துக் கொண்டது ரசிகர்கள்தான். பி.பி.சி. ரேடியோவில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளரின் ராத்திரி நிகழ்ச்சிக்காக இவர்கள் வாசித்திருந்தார்கள். ரேடியோப் பாட்டைக் கேசட்டில் பிடித்து வைத்துக் கொள்வது அங்கேயும் அந்நாள் வழக்கம்தான். இசைத்தட்டில் வராத பாட்டெல்லாம் அப்படித்தான் மிஞ்சியது. 1981ல் 'டான்ஸ் கிரேஸ்' என்று ஒரு படம் வந்தது, டூ டோன் கோஷ்டிகளின் கச்சேரிகளை எடுத்தது. அதிலும் இருக்கிறார்கள். அவ்வளவுதான் சொத்து.

ஆக, மூன்று தசாப்தம் கழித்து ரோடா ரசிகர்களைக் கேட்டார்: கோஷ்டியின் பாட்டுகளை இப்போது பதிவு செய்தால் முன்பணம் தருவீர்களா? நாம் தீபாவளி மலருக்கு முன்கூட்டிப் பணம் கட்டி வைப்போமே, அந்த மாதிரி. தந்தார்கள். 2015ல் 'ரோடா டகார் சிங்ஸ் தி பாடிஸ்நாட்சர்ஸ்' வெளிவந்தது. இருபதுகளில் பாடியதை ஐம்பதுகளில் பாடுகிறார். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை, மாவு புளித்தால் தோசைக்கு ருசிதானே!

மற்றவர்களும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். 2021ல் கோவென்ட்ரியின் ஹெர்பர்ட் கலைக்கூடத்தில் டூ டோனுக்கு ஒரு பெரிய கண்காட்சி. 2023ல் 'டான்ஸ் கிரேஸ்' படத்தைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போட்டார்கள். பேரனைக் கூட்டிக் கொண்டு போய், 'அதோ பார், டிரம் அடிக்கிறது பொண்ணு' என்று காட்டிய பாட்டிகள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டு இசைத்தட்டுப் பாட்டும் இப்போது செல்போனிலேயே கிடைக்கின்றன. காய் நறுக்கும்போது 'லெட்ஸ் டூ ராக் ஸ்டெடி' போட்டு அந்த 'ம்'மைக் கண்டுபிடியுங்கள், குழந்தைகள் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்து விடும். 'ஈஸி லைஃபை' நாத்தனாரோடோ சிநேகிதியோடோ சேர்ந்து கேட்டு ஒரு விவாதம் வையுங்கள். 'பாய்லரை' மட்டும் சின்னதுகள் தூங்கிய பிறகு கேளுங்கள். தனியாக வேண்டாம். யாராவது துணைக்கு இருக்கட்டும், கேட்டு முடித்ததும் பேச ஆள் வேண்டியிருக்கும்.